பல்லி சொன்னது

தவசிக்கண்ணு ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, கரண்ட் அடுப்பில் குக்கரை வைத்துச் சாராயம் காய்ச்சினான். வாசனை வெளியே போகக் கூடாதாம். மூடியைச் சுற்றி அப்பிய மைதாப் பசை காய்ந்து விரிசல் விட்டது. ஆவி கசிந்து அறையெல்லாம் நிறைந்தது. இறங்கிய சரக்கு எரிகிறதா என்று பார்க்க, அவன் தீப்பெட்டியை எடுத்தான்.

சுவரில் இருந்த பல்லி அதைப் பார்த்துவிட்டாள். அலமாரிக்குப் பின்னால் அவளுடைய இரண்டு முட்டைகள் இருந்தன.

"அடேய், உரசாதே! வீடே பத்திக்கும்!" என்று கத்தினாள்.

தவசிக்கண்ணு சுவரைப் பார்த்துக் கும்பிட்டான். "பல்லி சொல்லிருச்சு. நல்ல சகுனம்."

உரசினான். குப்பென்று பிடித்தது. அவன் மீசையும் புருவமும் போயின. ஒரு முட்டையும் போயிற்று.

பத்தே நாள். புருவம் முளைக்கவில்லை, அதற்குள் அதே குக்கர், அதே சாத்திய ஜன்னல். அவன் தீக்குச்சியை எடுத்ததும் பல்லி வாயைத் திறந்தாள்.

"யக்கா, கத்தாதே," என்றது குக்கர். "போன தடவை நீ கத்தின பிறகுதான் உரசினான்."

"ஒழுகுற வாயை வெச்சுக்கிட்டு நீ எனக்குப் புத்தி சொல்றியா?"

ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். தவசிக்கண்ணு குச்சியும் கையுமாகச் சுவரையே பார்த்து நின்றான்.

"இன்னிக்குப் பல்லி சொல்லலையே," என்று முனகினான். அடுப்பை நிறுத்தினான். புழுக்கம் தாங்காமல் ஜன்னலையும் திறந்தான்.

பல்லி அலமாரிக்குப் பின்னால் போய், மிச்சமிருந்த முட்டையை அணைத்துக்கொண்டு, அவன் காதில் விழாதபடி அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.