குசினித் திறப்பு

வாப்பா காலையில் சாப்பிட்டாரா என்று டொக்டர் கேட்டார்.

ஓம் என்றேன். புட்டும் மீன் ஆணமும் மேசையில் மூடிவைத்துவிட்டுத்தான் பாடசாலைக்குப் போனேன், என்ன மீன், எத்தனை துண்டு என்பது வரைக்கும் சொன்னேன். நான் டீச்சர். கேட்ட கேள்விக்கு மேலாகவே பதில் சொல்லிப் பழக்கம்.

அவசர சிகிச்சைப் பிரிவின் மூன்றாவது கட்டிலில் வாப்பா கண்மூடிக் கிடந்தார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டு வயது. இவ்வளவு சின்ன உடம்பா இவருக்கு என்று அப்போதுதான் பார்த்தேன்.

இரத்தத்தில் சீனி முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்ததாம். அடுத்த வீட்டு ஸஹீத் தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திராவிட்டால், நிந்தவூர்ப் பாடசாலையிலிருந்து நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சாப்பிட்டுவிட்டுச் சீனிக் குளிசை போட்டவருக்கு இப்படி விழாதே என்று டொக்டர் யோசித்தார்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. வாப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்றேன். இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சாட்சிகளை அடுக்கினேன். விடிகாலைச் சுபஹு பாங்குக்கு முன்னமே எழும்பிக் குசினிக்குள் சட்டிகளை உருட்டுகிறார். கேட்டால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்கிறார். இன்றைக்கு விழுந்ததும் ஸஹீதின் கேற்றடியில், கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு. தன் வீடு எது என்றே தெரியாமல் அங்கே போயிருக்கிறார். குளிசையையும் மறந்துபோய் இரண்டு தரம் போட்டிருப்பார்.

கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுவிடுவாரோ என்ற பயத்தில் நேற்றிரவுதான் முதல்முறையாகக் குசினியைப் பூட்டினேன் என்றும் சொன்னேன். திறப்பு என் ஹேண்ட்பேக்கில் இருந்தது. எவ்வளவு பொறுப்பான மகள் என்று அவர் நினைக்கட்டுமே என்ற ஆசையும் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

டொக்டர் எழுதிக்கொண்டார். மறதிக்குக் காட்டுவதற்கு ஒரு துண்டு தருவதாகவும், இனி இவரைத் தனியே விடக்கூடாது என்றும் சொன்னார். கட்டாரில் இருக்கும் தம்பியிடம் ஒரு மாதமாக நான் படித்துப் படித்துச் சொன்னதும் அதைத்தான்.

வாப்பா கண் திறந்தார்.

நேர்ஸ் செல்லத்தங்கம் சீனி கூடப் போட்ட தேத்தண்ணியை அவர் வாயருகே கொண்டுபோனார். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனக்கு நோன்பு என்றார்.

நான் டொக்டரைப் பார்த்தேன். இப்போது நம்புகிறீர்களா என்று கண்ணாலேயே கேட்டேன். றமழானுக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது.

கதவடியில் நின்ற ஸஹீத் தொண்டையைச் செருமினான். திங்களும் வியாழனும் காலைச் சாப்பாட்டை வாப்பா அவனுக்குத்தான் கொண்டுவந்து கொடுப்பாராம். மகளிடம் சொல்லக்கூடாது என்று வாக்கும் வாங்கியிருந்தாராம்.

இன்றைக்கு வியாழக்கிழமை, சுன்னத்து நோன்பு பிடிக்கிற நாள்.

சட்டிகளை உருட்டியது சஹருக்கு, நோன்பு பிடிக்க முன்னம் சாப்பிட. இன்றைக்குக் குசினி பூட்டிக் கிடந்திருக்கிறது. என்னை எழுப்பவில்லை. தலைமாட்டில் இருந்த குளிசையை வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு நோன்பு பிடித்திருக்கிறார். அவரைக் கேற்றடியில் விழுத்தியது மறதி இல்லை, என் பூட்டு.

எனக்குக் கோபம்தான் வந்தது. பிழை செய்தவளுக்கு அதுதான் முந்திக்கொண்டு வரும். இந்த வயதில், இந்தச் சீனி வருத்தத்தோடு, கடமையில்லாத சுன்னத்து நோன்பைப் பிடிக்கச் சொல்லி யார் அழுதது என்று ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சத்தம் போட்டேன்.

"சுன்னத்து இல்ல மகள்," என்றார். "உம்மாட கழா. இண்டையோட பதினஞ்சு. இன்னும் ரெண்டுதான் கெடக்கு."

போன றமழானில் உம்மா வார்டில் கிடந்தா. பதினேழு நோன்பு விடுபட்டுக் கழாவாகிப்போனது. மௌத்தாவதற்கு முதல் நாள், நோவை விட்டுவிட்டு அதைச் சொல்லித்தான் அழுதா. நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு, யோசிக்க வேண்டாம் உம்மா, பதினேழையும் நான் பிடிக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகுதான் உறங்கினா. கட்டிலின் கால்மாட்டில் வாப்பா நின்றுகொண்டிருந்தார்.

நாற்பதாம் கத்தம் முடிந்தது. பாடசாலை தொடங்கியது. பரீட்சை வந்தது. ஒன்றுகூட நான் பிடிக்கவில்லை. பிடிக்க முடியாமல் போகவில்லை. அப்படி ஒன்றைச் சொன்ன நினைவே என்னிடம் இல்லை.

எட்டு மாதம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த றமழான் கிட்ட வருகிறது என்றதும் தானே தொடங்கியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் எனக்கு வெட்கமாகப் போய்விடும் என்று நினைத்திருப்பார்.

நேர்ஸின் கையிலிருந்து தேத்தண்ணியை வாங்கினேன்.

"குடிங்க வாப்பா. மிச்சம் ரெண்டையும் நான் புடிக்கிறன்."

உம்மாவிடம் சொன்ன அதே குரல். எனக்கே கேட்டது.

வாப்பா என்னைப் பார்த்தார். பிறகு பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார்.

"இண்டையான் நோன்பு போயிட்டு," என்றார். "அப்ப மூணு, மகள். எழுதி வெச்சுக்க."

டொக்டர் தன் பேனையை என் பக்கம் நீட்டினார்.