ஒரு கோடு அதிகம்

"குமிழியைப் பாருங்க சார். காத்தும் அளவுல சேர்ந்துட்டா பாப்பாவுக்குப் பால் குறைஞ்சிடும்" என்றாள் நர்ஸ்.

குறைமாதத்தில் பிறந்த மகளுக்கு முதன்முதலாகப் பால் புகட்ட வந்தவர், ஊசியில்லாத சிரிஞ்சை நிமிர்த்தித் தட்டினார். கை வெடவெடத்தது. குமிழி மேலேறி வெளியேறியது.

"இப்ப ரெண்டு மில்லிதானே?"

"கண்ணுக்கு நேரா பிடிங்க. பாலைத் தொடுற ரப்பர் விளிம்புதான் கணக்கு. ஒரு கோடு அதிகம். இத்தனூண்டு வயித்துக்கு அது தாங்காது."

திருத்தினார். சொட்டுச் சொட்டாக வாய்க்குள் கன்னத்தின் ஓரமாக விட்டார். மகள் சப்புக்கொட்டி விழுங்கினாள். அவருக்கு முகமெல்லாம் பல்.

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள்: "எங்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே டாக்டர்? இதே வார்டுல ஆயிரம் குழந்தைக்கு அளந்த கை, இன்னைக்கு ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

"அந்த ஆயிரத்துல ஒண்ணுகூட என்னை அப்பான்னு கூப்பிடப் போறதில்லையேம்மா!"