சாத்திய கதவுக்குள் மீட்டிங்

“மீட்டிங்கெல்லாம் ஒண்ணும் போடலைங்கய்யா. வந்தவங்களுக்குச் சோறு போட்டேன், அவ்வளவுதான்.”

டுரியான் துங்கால் போலீஸ் ஸ்டேஷனில், வெள்ளைக்காரத் துரையின் மேசைக்கு எதிரே நின்று பெத்தம்மாள் இப்படிச் சொன்னதும், மொழிபெயர்க்க வந்திருந்த மரியதாசன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னால் அந்த அம்மாளின் கதை முடிந்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம். எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. அனுமதியில்லாமல் நாலு பேர் கூடி நின்றாலே விசாரணை. காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிறவர்களுக்கு ஒரு பிடி சோறு கொடுத்தது தெரிந்தால் ஜெயில். அல்லது கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் ரோந்து போன போலீஸ்காரர், கடைசி வீட்டு வாசலில் இவள் காவல் நிற்பதைப் பார்த்திருக்கிறார். சாத்தியிருந்த கதவைத் தள்ளினால், உள்ளே சுடச்சுடப் பரிமாறிய ஐந்து இலைகள். ஆளைத்தான் காணோம். பின்பக்கச் சன்னல் திறந்திருந்தது.

மரியதாசன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மலாக்கா டவுனில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவர். எஸ்டேட் வாசலை அதிகம் மிதித்ததில்லை. ஆனால் அந்த அம்மாள் இன்னும் நின்றுகொண்டே இருப்பது பொறுக்கவில்லை. தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். கூஜாவிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்தார்.

“இருந்து குடியுங்கோ அம்மா. பிறகு யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆர் வந்தது?”

“எங்க வீட்டு ஆம்பளைங்கதான். எம்புருசன், ரெண்டு பயலுங்க, எந்தம்பி.”

“எங்கயிருந்து வந்தவை?”

“காட்டுலேருந்துதான், வேற எங்கேருந்து?”

மரியதாசன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. “கடவுளே! மெல்லச் சொல்லுங்கோ!”

“எதுக்கு மெல்ல? தொரைக்குத்தான் தமிழ் தெரியாதுல்ல?”

“எனக்குத் தெரியுதே அம்மா, அதுதான் பயம்! சரி, ஏன் வெளியில காவல் நிண்டனீங்கள்?”

“காவலா? அவங்க சாப்பிடறப்ப நாம பாக்கக் கூடாதுங்க. சங்கடப்படுவாங்க. வருசத்துல ஒரு நாள் வர்றவங்க, நிம்மதியாச் சாப்பிட வேணாமா?”

துரை பொறுமையிழந்தார். வயது முப்பதுகூட இராது. இது மீட்டிங்கா இல்லையா என்று மட்டும் கேட்டுச் சொல் என்றார்.

“மீட்டிங்னா, சங்கத்துல மேசையக் குத்திக் கத்துவாங்களே, அதுவா?” என்றாள் பெத்தம்மாள். “எங்க வீட்டு ஆளுங்க வாயத் தொறக்க மாட்டாங்கய்யா.”

அந்த ஒரு சொல்லைத் தமிழிலும் இங்கிலீஷிலுமாக மனதுக்குள் புரட்டிப் பார்த்தார் மரியதாசன். கூட்டம் என்றால் போலீஸ் வரும். சபை என்றால் பாதிரியார் வருவார். விருந்து என்றால் வயிறு நிறையும். மீட்டிங் என்ற சொல்லின் ஆதி வேருக்குக் ‘கண்டுகொள்வது’ என்று அர்த்தம். காணாமல் போனவரை எதிரில் காண்பதும் அதற்குள் அடக்கம் என்று பள்ளியில் வாத்தியார் சொன்னது ஏனோ இப்போது நினைவுக்கு வந்தது. பாவம், சட்டம் எழுதியவர்களுக்கு அந்த வாத்தியார் பாடம் எடுத்திருக்கவில்லை.

“மீட்டிங் இல்லை சார். நாளைக்குத் தீபாவளி. சொந்தக்காரர் சிலர் சாப்பிட வந்திருக்கினம்” என்று இங்கிலீஷில் பூசி மெழுகினார். ‘காட்டிலிருந்து’ என்பதை விழுங்கிவிட்டார். ஆண்டவர் மன்னிப்பார் என்று நம்பினார்.

துரை நம்பவில்லை. அவள் வீட்டிலிருந்து சாட்சியாகக் கொண்டுவந்திருந்த ஒரு வாழை இலையை மேசையடியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். சோறும் கருவாட்டுக் குழம்பும் மற்ற இலைகளில்தான் இருந்தன. இதில் வெண்ணெய் தடவிய ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் பால் ஊற்றிய தேநீர்க் கோப்பை.

ரப்பர் மரம் சீவுகிறவர் வீட்டில் வெண்ணெய் தின்கிறவன் யார்? வந்தவர்களில் பெரிய தலை ஒருவன் இருந்திருக்கிறான். அவன் யாரென்று சொன்னால் அவள் வீட்டுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் இன்றிரவே லாக்கப் என்றார்.

மரியதாசன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். “அம்மா, கையெடுத்துக் கும்பிடுறன். இந்த ரொட்டி ஆருக்கு? சொல்லிப்போட்டு வீட்டை போங்கோ.”

“நல்ல நாளும் அதுவுமா அதையெல்லாம் என் வாயால சொல்லச் சொல்லாதீங்கய்யா. வந்தவங்க மனசு நோகும்.”

“சொல்லாட்டி இண்டைக்கு இரவே நீங்க கம்பிக்குள்ள!”

பெத்தம்மாள் கிளாஸில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“தண்ணி குடுத்து உக்காரச் சொன்னீங்க. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். அவனும் அன்னிக்கி எங்கிட்டத் தண்ணிதான் கேட்டான்.”

“எவன்?”

“பேரு தெரியாதுங்க. வெள்ளைக்காரப் பையன், இந்தத் தொர வயசுதான். ஜப்பான்காரன் எங்களச் சயாம் காட்டுக்கு ரயில் ரோடு போட ஓட்டிட்டுப் போனப்ப, அவனும் அங்க கைதியா இருந்தான். எங்க வீட்டு ஆம்பளைங்க நாலு பேரையும் பொதச்ச எடத்துக்குப் பக்கத்துலதான் அவனையும் பொதச்சாங்க. சீமையில அவனப் பெத்தவளுக்கு எல போட்டுக் கூப்பிடத் தெரியுமோ என்னமோன்னு, வருசா வருசம் எங்காளுங்களோட அவனையும் சேத்துக் கூப்பிடுறேன்.”

மரியதாசன் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்து முடித்தபோது, துரை எழுந்து நின்று, அந்த ரொட்டி இலையை இரண்டு கைகளாலும் ஏந்தி அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.