பன்னிரண்டு வோல்ட் அண்ணே

விளம்பர வேன் ஒன்றின் மைக் பெட்டிக்குள் ஒரு கண்ணாடி வால்வு இருந்தது. மெல்லிய பேச்சை வாங்கிப் பெரிதாக்கித் தருவது அதன் வேலை. அதற்கு வேண்டிய இருநூற்றைம்பது வோல்ட்டைப் பக்கத்திலிருந்த கன்வர்ட்டர் கொடுத்தது. அதனால் வால்வுக்குக் கன்வர்ட்டர் 'ஐயா'. கீழே கிடந்த பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வெறும் 'ஏய்'.

ஒருநாள் வேகத்தடையில் வேன் தூக்கிப் போட்டது. பேட்டரியிலிருந்து நேராக வால்வுக்கு வரும் சின்ன ஒயர் கழன்று தொங்கியது. வால்வின் வயிற்றுக்குள் சிவந்து எரிந்த இழை அணைந்தது. மைக் ஊமையானது.

"ஐயா, குளிருதுங்க," என்றது வால்வு.

"இருநூற்றைம்பதும் உன் வாசல்லதான் நிக்குது. சூடு கொடுக்கிறது பேட்டரிப்பா. நானே அவர்கிட்ட வாங்கித்தான் உனக்கு ஏத்திக் கொடுக்கிறேன்," என்றது கன்வர்ட்டர்.

டிரைவர் சவரிமுத்து பெட்டியைத் திறந்தார். "வால்வு போச்சு போல. கழற்றித் தூக்கிப் போட வேண்டியதுதான்," என்று கையை நீட்டினார்.

வால்வு சட்டென்று கீழே திரும்பியது. "அண்ணே, பேட்டரி அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும்."

தொங்கிய ஒயர் பெட்டித் தகரத்தில் உரசிய நேரம் பார்த்துப் பேட்டரி ஒரு பொறியைத் தட்டியது. சவரிமுத்து அதைக் கவனித்து, ஒயரைப் பழைய இடத்தில் மாட்டினார்.

"நல்லா இருப்பீங்க அண்ணே," என்றது வால்வு, இழை லேசாகச் சிவந்தபோது. "உங்களை மறக்கவே மாட்டேன் அண்ணே," என்றது, பாதி சிவந்தபோது.

இழை முழுசாகச் சிவந்தது. சவரிமுத்துவின் குரல் தெருவெல்லாம் கேட்டது.

"ஐயா, சௌக்கியமா?" என்று கன்வர்ட்டரை விசாரித்துவிட்டு வால்வு கீழே பார்த்தது.

"ஏய், கொஞ்சம் தள்ளி உட்காரு. ஆசிட் நாத்தம் அடிக்குது."