பதினான்காவது கரண்டி

தோங்தி கடைசியாகக் காப்பி கலக்கிய கரண்டியைக் குவளையிலேயே போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். மண்வெட்டி போர்க்காலக் குண்டில் பட்டது. அவன் திரும்பவில்லை. அன்றுமுதல் அவன் மனைவி புவாலா மண்வெட்டியைத் தொடவில்லை.

மழைக்கு முன், குண்டு அகற்றும் விலாய் வந்தான். உலோகம் தட்டுப்பட்டுக் கருவி கத்திய இடமெல்லாம் தோண்டினான்.

“பதினாலாவது கரண்டி, அக்கா.”

“கத்தினா தோண்டணும்ல தம்பி. அதானே உங்க சட்டம்?”

“அது சரி. ஆறடிக்கு ஒண்ணா, வரிசை பிசகாமல்ல கிடக்கு?”

“குண்டை உருக்கித்தானே ஊரே கரண்டி வார்க்குது? எங்கயும் கிடக்கும்.”

விலாய் கைமண்ணைத் தட்டினான். “அடுத்த வரிசைக்கு இரும்புச் சட்டியைப் புதைச்சு வைங்கக்கா. வாழைக்கன்னுக்கு இந்தக் குழி பத்தாது.”

புவாலா சிரிப்பை அடக்கியபடி உள்ளே போனாள். வீட்டில் ஒரே ஒரு கரண்டிதான் மிச்சம். அது இன்னும் அந்தக் குவளையிலேயே இருந்தது.