வெண்கலத்தின் சத்தம்

"கடவுள் பிசாசைப் படைக்கலை. வெளிச்சமான ஒரு தூதனைத்தான் படைச்சார். அவன் உசரத்துல இருந்ததால விழலை..."

போதகரின் அப்பா பிரசங்கத்தில் இப்படிச் சொல்வார். அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. அது மட்டும் போதகருக்கு ஞாபகம் வரவில்லை.

ஞாயிறு பிரசங்கம் விழுந்துபோன தூதர்களைப் பற்றித்தான். கேட்டு வாங்கியவர் சபைச் செயலாளர்.

"வெண்கலத்துக்கு உறைக்கிற மாதிரி சொல்லுங்க ஐயா. பாடகர் குழுன்னு பேரு, கேக்கிறது அவர் தொண்டை ஒண்ணுதான். மத்தவங்கல்லாம் கொட்டாவி விடுற மாதிரி இருக்கு."

வெண்கலம், பாடகர் குழுத் தலைவர். தொண்டையால் வந்த பட்டப்பெயர்.

போதகர் பெருமூச்சு விட்டார். ஒரு அடக்கம், ஒரு புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து, ஆலயக் கூரையில் ஒழுகல் என்று வாரமே ஆளைத் தின்றிருந்தது. இப்போது இது வேறு.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வெண்கலத்திடம் போனார்.

"அண்ணே, நாளைலேருந்து கொஞ்சம் அடக்கிப் பாடுங்க."

"ஐயா, தலைவர் பொறுப்பே வேண்டாம்னாலும் சரி, பின்னால போய் நிக்கிறேன். சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லாதீங்க."

"ஏன்?"

வெண்கலம் அடுத்த நாற்காலியைத் தூக்கினார்.

"விடிவெள்ளி மாதிரி இருந்தவன்தான் விழுந்தான். எல்லாருக்கும் மேல நிக்கணும்னு பெருமை. தெரியும்ல?"

"தெரியும் ஐயா." கடைசி நாற்காலியை மெதுவாக வைத்தார். "சரி. குறைச்சிடறேன்."

இதற்கே இவ்வளவு பிகுவா என்று அலுத்துக்கொண்டே போதகர் வீட்டுக்கு வந்தார். மனைவி முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தூதனைப் பத்தி அப்பா சொல்வாரே, மீதி என்ன?"

பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். அதற்கும் இல்லை. வாரம் முழுக்க வீடு தங்காத கோபம்போல என்று நினைத்து, எதிரே வந்து நின்று கேட்டார்.

"மாமா சொல்றதா? இறங்கத் தெரியாம விழுந்தான்னு சொல்வார்." சிரித்தாள். "நாளைக்கு எங்க பாடகர் குழுப் பாட்டு என்னன்னு தெரியுமா? வீட்ல பாடிட்டேதானே இருக்கேன்!"

"கேக்க எனக்கு எங்க நேரம்?"

அப்பாவின் அந்த வரியைப் பிரசங்கத் தாளில் எழுதி, அடியில் கோடு போட்டார். வெண்கலத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஞாயிறு. பிரசங்கத்துக்கு முந்தின பாட்டு. சொன்ன சொல் தவறாமல் வெண்கலம் குரலைத் தணித்தார்.

முதல் வரியிலேயே இன்னொன்று தனியாகக் கேட்டது. சுருதியை விட்டு எங்கோ போய், மற்றவர்கள் வரியை முடித்த பிறகும் பின்னாலேயே நொண்டி வந்த ஒரு குரல்.

முன்பெஞ்சில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். செயலாளர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். பாடகர் குழுவில் மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பழக்கம்.

தன் குரலும் காதில் விழாமல், சிரிப்பும் விழாமல், கண்ணை மூடி முகமெல்லாம் மலரப் பாடிக்கொண்டிருந்தாள் போதகரின் மனைவி.

வெண்கலம் பீடத்தில் இருந்த போதகரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அனுமதிதான் கேட்டார்.

போதகர் தலையசைத்தார். வெண்கலத்தின் குரல் கூரைவரை எழுந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

போதகர் பிரசங்கத் தாளை நாற்காலியில் வைத்தார். பீடத்திலிருந்து இறங்கி, மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் கட்டைக் குரலில் உரக்கப் பாடினார்.