அளவுக்கு நின்றவள்

அந்த இடத்தை மட்டும் அவன் இன்னும் தொடவில்லை.

கட்டைவிரல் நகம் அளவு வெள்ளைத் தாள். அதைச் சுற்றி எல்லாம் முடிந்திருந்தது. கூரை போன மண்டபம். பாதி சரிந்த கோபுரம். அதைப் பிளந்துகொண்டு ஏறிய அரசமரம். மதில்.

ஓவியத்தில் மதில் நின்றுகொண்டிருக்கிறது.

பாழடைந்த கோயில்களைத்தான் அவன் வரைவான். எங்கே போனாலும் தன் மனைவி வடிவைக் கூட்டிப்போய்க் கல்லோரமாக நிறுத்துவான். ஆள் நின்றால்தான் கல்லின் உயரம் தெரியும். அவளுக்கான இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டுக் கடைசியில் அவளை வரைவான். முகம் இருக்காது. சேலையின் நிறம், கூந்தலுக்கு ஒரு புள்ளி.

ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவள் மாட்டேன் என்றதில்லை.

அன்று மழை விட்ட மறுநாள். மதிலின் நிழல் நகர்வதற்குள் பிடித்துவிட நினைத்தான்.

“ஏங்க, மேலருந்து மண்ணு உதிருது” என்றாள்.

அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அசையாம நில்லு. இந்தா முடிஞ்சிரும்.”

நின்றாள்.

மதில் விழும் வரை நின்றாள்.

இன்று பதினோராம் நாள்.

அவளுடைய அண்ணன் நல்லபெருமாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கச்சி எங்கே நின்றாள் என்று கேட்டார். அவன் வெள்ளையைக் காட்டினான். அவர் அதைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார்.

அன்று நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் காலையிலிருந்து காத்திருந்தான்.

“மாப்ளே, அம்மை ஒண்ணு கேக்கச் சொன்னா.” அவர் குரல் தாழ்ந்தது. “விழப்போவுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுதா?”

அடுத்த அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாமியார். பதினொரு நாளாகத் தண்ணீர் தவிர எதுவும் அவள் தொண்டையில் இறங்கவில்லை.

“இல்ல மச்சான்” என்றான்.

நல்லபெருமாள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எழுந்து உள்ளே போனார்.

அவர் மெதுவாகச் சொல்வது கேட்டது.



பிறகு யாரோ ஒரு பாத்திரத்தை எடுத்தார்கள்.

அவர் கதவருகே வந்து நின்றார்.

“அம்மை கஞ்சி கேக்கா. ஒங்களையும் கூப்பிடுதா. நீங்களும் ஒண்ணும் சாப்பிடலியாம்லா.”

அவன் போய் மாமியார் எதிரே உட்கார்ந்தான்.

கிண்ணத்தை அவள் முதலில் அவன் பக்கம் நகர்த்தினாள்.